பெரிய அலை வேறு, செங்குத்து அலை வேறு

"அக்கா, பெரிய அலைக்குப் போகணும்னா பெரிய போர்டா வாங்கணும், அவ்ளோதானே?" என்று எங்கள் தொழிற்சாலையில் கட்டிங் பிரிவில் இருக்கும் தம்பி கேட்டான். ஆற்காட்டுக்காரன். எண்பது கிலோ எடை. வயல் கிணறுகளில் குதித்தே நீச்சல் கற்றவன், தண்ணீர் என்றால் பயமே கிடையாது. சென்னைக்குத் தெற்கே இருக்கிற கோவளத்தில் வாடகை போர்டில் சர்ஃபிங், அதாவது பலகை மேல் நின்று அலையில் ஓடுவது, நன்றாகத் தேறிவிட்டான், இப்போது சொந்தமாக ஒன்று வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறான். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் அவனுக்காகவும், அவனைப் போல வேலூர், ராணிப்பேட்டை பக்கமிருந்து கடலுக்குப் போகிற மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

நமக்குக் கடல் பக்கத்தில் இல்லை. சத்துவாச்சாரியில் கிளம்பினால் வாலாஜாபேட்டை, காவேரிப்பாக்கம், காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று மாமல்லபுரம் போய்ச் சேர சுமார் 140 கி.மீ. விடியும்போது தண்ணீரில் இருக்க வேண்டுமானால் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே வண்டி எடுக்க வேண்டும். கடலோரத்தில் குடியிருப்பவர் காலையில் எட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இந்த போர்டு என்று எடுத்துக்கொண்டு போகலாம். நமக்கு வண்டியில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அங்கே போய்ப் பார்த்து மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆகவே வாங்கும்போதே எந்த அலைக்காக வாங்குகிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும்.

தம்பியின் கேள்வியில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அலையின் உயரம் ஒன்று, அதன் செங்குத்து இன்னொன்று. உயரத்துக்கு போர்டில் தேவைப்படுவது ஒன்று, செங்குத்துக்குத் தேவைப்படுவது வேறொன்று. பல இடங்களில் இந்த இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். போர்டு தேர்வு என்பதே இந்த இழுபறியில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வது என்பதுதான்.

முதலில் உயரத்தை எடுத்துக்கொள்வோம். கரையை நெருங்கி வரும் அலை, தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழம் உள்ள இடத்துக்கு வந்ததும் உடைகிறது. ஒரு மீட்டர் அலை 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். இரண்டரை மீட்டர் அலைக்கு மூன்றேகால் மீட்டர் ஆழமே போதும், அதாவது கரையிலிருந்து இன்னும் தள்ளியே உடைந்துவிடும். ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. பள்ளியில் படித்த இயற்பியலை வைத்துக் கணக்குப் போட்டால், முதல் அலை மணிக்குச் சுமார் 13 கி.மீ. வேகத்திலும் இரண்டாவது சுமார் 20 கி.மீ. வேகத்திலும் வருகிறது. நன்றாகப் பழகியவர் பேடில் செய்து, அதாவது போர்டில் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளி, எட்டுகிற வேகம் மணிக்கு ஆறேழு கி.மீ. மீதி வேகத்தை அலையின் சரிவு கொடுக்க வேண்டும். போர்டு சரிவில் இறங்க ஆரம்பித்தால்தான் அலையோடு சேர்ந்து ஓட முடியும். அலை பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் பெரிதாகிறது. நீளமான போர்டு தண்ணீரில் வேகமாக நகரும், சரிவு இன்னும் மெல்லியதாக இருக்கும்போதே உள்ளே நுழைந்துவிடும். இந்த அளவுக்குத் தம்பி சொல்வது சரி.

இப்போது செங்குத்து. கடலின் அடித்தளம் மெதுவாக உயர்ந்து வந்தால் அலையின் உச்சி நுரையாகச் சரிந்து விழும். ஆழத்திலிருந்து திடீரென்று மேடு எழும்பினால் அலையின் கீழ்ப்பகுதி தடைப்பட்டு நிற்க, உச்சி முன்னால் பாய்ந்து வளைந்து கொட்டும். இந்த மாதிரி அலையில் நுழைவது சுலபம், சரிவுதான் நிறைய இருக்கிறதே. நுழைந்த பிறகு இறங்குவதுதான் கஷ்டம். எழுந்து நிற்க ஒரு நொடியோ அதற்கும் குறைவோதான் கிடைக்கும். நீளமான, தட்டையான போர்டாக இருந்தால் அதன் மூக்கு அலையின் அடிவாரத்தில் போய்க் குத்தும். அப்புறம் ஆளும் போர்டும் தனித்தனியாக உருள வேண்டியதுதான்.

உலகத்தின் பெயர்பெற்ற இரண்டு அலைகளை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஹவாயில் ஓஹூ தீவின் வடகரையில் வைமேயா விரிகுடா இருக்கிறது. 1957-இல் கிரெக் நோலும் சில நண்பர்களும் துணிந்து இறங்கிய பிறகுதான் அது இந்தக் காலத்து சர்ஃபர்களின் இடமானது. அங்கே அலை மலை போல் உயர்ந்து வரும், அதைப் பிடிக்க ஒன்பது, பத்து அடி நீளமுள்ள கன் வகை போர்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். இன்னொன்று தஹிதியில் உள்ள டெயாஹூபோ, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் சர்ஃபிங் போட்டி நடந்த இடம். அங்கே ஆழ்கடலிலிருந்து பவளப்பாறை சட்டென்று மேலே வந்துவிடுகிறது. ஒலிம்பிக் போட்டியில் இறங்கியவர்கள் வைமேயா கன்னை அங்கே கொண்டுபோகவில்லை. அவர்கள் கையில் இருந்தவை ஆறு அடியும் சில அங்குலமும் நீளமான, மூக்கு நன்றாக வளைந்த, டெயில் என்கிற பின்முனை குறுகிய போர்டுகள். இரண்டுமே உயிரைப் பணயம் வைக்கிற அலைகள், ஆனால் போர்டு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது.

நம் கரைக்கு வருவோம். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பெரும்பாலான நாட்களில் அலை இடுப்பளவு, நெஞ்சளவு. நல்ல நாளில் தலைக்கு மேல் போகும். நாம் 'பெரிய அலை' என்று சொல்வது அந்தத் தலையளவிலிருந்து ஒன்றரை ஆள் உயரம் வரை உள்ளதைத்தான். அதுவும் இரண்டு விதமாக வருகிறது. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடி முனையில் கிளம்பிய அலைகள் வந்து சேர்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பன்னிரண்டு வினாடி, சில நாள் அதற்கும் மேல் இடைவெளி இருக்கும். தெற்கிலிருந்து வருவதால் கடலுக்குள் நீட்டிய கரை முனையில் தொடங்கி வடக்கு நோக்கி உடைந்துகொண்டே போகும். கரையைப் பார்த்தபடி நிற்கும் சர்ஃபருக்கு அது வலப்பக்க ஓட்டம். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை வேறு. வங்காள விரிகுடாவிலேயே வாடைக்காற்று கிளப்பிவிட்ட அலைகள், ஆறேழு வினாடிக்கு ஒன்று, ஒழுங்கில்லாமல் வந்து விழும். உயரம் இருக்கும், ஆனால் ஒட்டிக்கொண்டு ஓடுவதற்கு முகம், அதாவது உடையாத முன்சரிவு, இருக்காது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரை கடந்தது. மீனவர்களுக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்திருக்கிற நாளில் நானும் போக மாட்டேன், யாரையும் போகச் சொல்லவும் மாட்டேன். எனவே நான் இங்கே பேசுவதெல்லாம் முதல் வகை நாட்களுக்கான போர்டு.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆடி மாதம் வேலூர் மாடியில் காயப்போட்ட துணியைப் பக்கத்து வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போகிற அதே மேல்காற்று, அந்த மாதங்களில் காலை நேரத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். உச்சி விழப் பார்க்கும் அலையை எதிரிலிருந்து தாங்கிப் பிடிக்கும். அதனால் அலை சற்றுத் தாமதமாக, இன்னும் செங்குத்தாக உடைகிறது. ஒரு மீட்டர் அலைகூட அன்றைக்கு வேறு முகம் காட்டும். அதோடு டேக்-ஆஃப், அதாவது அலையில் நுழைந்து எழுந்து நிற்கிற நேரத்தில் இந்தக் காற்று போர்டின் மூக்குக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும். மூக்கு அகலமாக இருந்தால் அலையின் உச்சியிலேயே தொங்கிக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிடும். பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் இதெல்லாம் போய்விடும், ஆனால் நாம் தூரத்திலிருந்து போவதே அந்தக் காலை நேரத்துக்காகத்தானே.

ஆக, நம்முடைய நல்ல நாட்களில் உயரத்தைவிடச் செங்குத்துதான் பெரிய பரீட்சை. பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒருவர் கோவளத்துக்கு எட்டு அடிக்கும் மேல் நீளமான கன் போர்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பார்க்க அவ்வளவு அழகு, நீளவாக்கில் ஓடும் மரக்கோடு நடுவில் மின்னியது. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து சர்ஃபிங் சொல்லிக்கொடுப்பவர், என்னிடம் சொன்னார்: "நல்ல போர்டுதாம்மா. ஆனா அது திரும்பறதுக்குள்ள நம்ம அலை முடிஞ்சுடும்." அவர் சொன்னபடியே நடந்தது. பெங்களூர்க்காரர் அலையைச் சுலபமாகப் பிடித்தார், நேராகக் கரைக்கு வந்தார், ஒவ்வொரு முறையும் அதே. அந்த போர்டில் குறை ஒன்றும் இல்லை. அது வேறொரு கடலுக்குச் செய்தது.

நமக்குத் தேவையானதை ஸ்டெப்-அப் என்பார்கள். வழக்கமாக ஓட்டுகிற போர்டைவிட நான்கு முதல் எட்டு அங்குலம் நீளம் கூடியது, கொள்ளளவு அதே அளவோ சற்று அதிகமோ, மூக்கில் வளைவு கூடுதல், டெயில் குறுகல். இந்த நான்கில் கொள்ளளவு பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், அது எண்ணாக எழுதியிருப்பதால். எனக்கு முக்கியமாகப் படுவது வளைவும் டெயிலும்.

வளைவை ராக்கர் என்கிறோம். நான் ராணிப்பேட்டையில் ஷூ பேட்டர்ன் வேலை செய்கிறவள். நாள் முழுக்கக் கையில் இருப்பது லாஸ்ட், அதாவது ஷூ தைக்கும்போது உள்ளே வைக்கிற கால் வடிவக் கட்டை. அதைச் சமமான மேஜையில் வைத்தால் முனை மேஜையைத் தொடாது. அந்த இடைவெளிக்கு டோ ஸ்பிரிங் என்று பெயர். அது குறைந்தால் நடக்கிறவர் காலடி எடுத்து வைக்கும்போது முனை தரையில் தட்டும். அதிகமானால் அழுத்தம் எல்லாம் பாதத்தின் ஒரே இடத்தில் விழும், நடை தடுமாறும். போர்டின் மூக்கும் அப்படியேதான். வளைவு போதாவிட்டால் செங்குத்தான அலையில் மூக்கு குத்தும். கூடிப்போனால் பேடில் செய்யும்போது மூக்கு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், வேகம் செத்துவிடும், அலையைப் பிடிக்கவே முடியாது. முன்னே சொன்ன இழுபறி வேறெங்கும் இவ்வளவு அப்பட்டமாகத் தெரியாது. உயரம் தட்டையைக் கேட்கிறது, செங்குத்து வளைவைக் கேட்கிறது.

லாஸ்டில் பழகியதால் நான் பார்க்கிற இன்னொன்றும் உண்டு: வளைவு எங்கே ஆரம்பிக்கிறது என்பது. இரண்டு போர்டுகளுக்கு மூக்கில் ஒரே ஐந்து அங்குல ராக்கர் இருக்கலாம். ஒன்றில் நெஞ்சு படுகிற இடத்திலிருந்தே மெல்ல மெல்ல ஏறியிருக்கும். மற்றொன்றில் கடைசி ஒரு அடியில் சட்டென்று மடங்கியிருக்கும். எண் ஒன்றுதான், ஓட்டம் வேறு. சட்டென்று மடங்கியது பேடிலுக்கு நன்றாக இருக்கும், படுத்திருக்கும்போது தட்டையான பகுதிதானே தண்ணீரில் இருக்கிறது. ஆனால் செங்குத்தில் இறங்கும்போது அலையின் வளைவோடு போர்டு ஒட்டாது. மெதுவாக ஏறியது அலையின் முகத்தோடு படிந்து இறங்கும். காலைக் காற்றில் நம் கரைக்கு எனக்குப் பிடித்தது இதுதான், பேடிலில் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், நாமே அளந்துகொள்ளலாம். கொத்தனார்கள் பூச்சு வேலைக்கு வைத்திருக்கிற நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று போதும். போர்டைக் கவிழ்த்து வைத்து, அடியில் மீன் துடுப்பு மாதிரி இருக்கிற ஃபின்களைக் கழற்றிவிட்டு, நடுமரக்கோட்டின் மேல் சட்டத்தைக் கிடத்துங்கள். போர்டின் நடுப்பகுதியை அது தொட்டபடி இருக்க, மூக்கு நுனிக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியையும், டெயில் நுனியில் உள்ள இடைவெளியையும் அளவெடுங்கள். பிறகு மூக்கிலிருந்து ஒரு அடி உள்ளே, இரண்டு அடி உள்ளே என்றும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் குட்டை போர்டில் மூக்கு ஐந்து அங்குலத்தை ஒட்டியும் டெயில் இரண்டேகால், இரண்டரை அங்குலத்தை ஒட்டியும் வரும். நீங்கள் இப்போது ஓட்டுகிற போர்டையும் இதே மாதிரி அளந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விளம்பர வாசகம் எதுவும் தேவைப்படாது.

அடுத்தது டெயில். 1930-களில் ஹவாயில் ஓட்டிய பலகைகள் அகலமான பின்பக்கம் உள்ள கனமான மரப்பலகைகள், அடியில் ஃபின் கிடையாது. அலை செங்குத்தாக வந்தால் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கிவிடும். 1937-இல் ஜான் கெல்லி என்பவர் கோடாரியை எடுத்து ஒரு பலகையின் பின்பக்கத்தை இருபுறமும் செதுக்கிக் குறுக்கினார். குறுகிய பகுதி தண்ணீருக்குள் இறங்கி அலையின் முகத்தைப் பிடித்துக்கொண்டது, அதுவரை போக முடியாத அலைகளில் குறுக்காக ஓட முடிந்தது. ஹாட் கர்ல் என்று பெயர் பெற்ற அந்த வடிவம்தான் இன்றைய கன், ஸ்டெப்-அப் இரண்டுக்கும் மூதாதை.

காரணம் எளிது. அகலமான டெயிலுக்கு மிதப்பு அதிகம். வேகம் கூடும்போது தண்ணீர் அதை மேலே தூக்கும், தூக்கியதும் பிடி போய்விடும். மெதுவான அலையில் அந்த மிதப்பு உதவி செய்கிறது, வேகமான செங்குத்து அலையில் அதுவே காலை வாருகிறது. சதுர முனையுள்ள ஸ்குவாஷ் டெயில் சின்ன அலைக்கு நல்லது, சட்டென்று திரும்பும். பெரிய நாளுக்கு ரவுண்ட் பின், அதாவது கூராகவும் இல்லாமல் மழுங்கலாகவும் இல்லாமல் உருண்டு குவிகிற முனை. முழுக்கக் கூரான 'பின்' (pin) டெயில் இன்னும் பெரிய அலைகளுக்கானது. நம் கரையில் அதைப் போட்டால் போர்டு விறைத்துக்கொள்ளும், திரும்புவதற்கு மனம் வராது. முனையிலிருந்து ஒரு அடி மேலே அகலத்தை அளந்தால், குட்டை போர்டில் 14½ அங்குலத்தைச் சுற்றி இருப்பது ஸ்டெப்-அப்பில் 14 அல்லது அதற்கும் குறைவாக வரும். அரை அங்குலம்தானே என்று தோன்றும். தோலில் அரை அங்குலம் விட்டால் ஷூ காலில் நிற்காது, போர்டிலும் அரை அங்குலம் அவ்வளவு பெரிய வித்தியாசம்.

ரெயில், அதாவது போர்டின் ஓர விளிம்பு, பின்பக்கம் மெலிந்தும் அடிப்பக்கம் கூர்மையான முனையோடும் இருக்க வேண்டும். தடித்த, பெட்டி மாதிரியான ரெயில் அலைக்குள் இறங்காது. கையை வளைத்து விளிம்பைப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஃபின் விஷயத்தில் மூன்றா, நான்கா என்று நிறையப் பேர் சண்டை போடுவார்கள். ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் தான் வடிவமைத்த மூன்று ஃபின் போர்டோடு 1981-இல் பெல்ஸ் பீச் போட்டியில் இறங்கினார். அந்த ஆண்டு அங்கே வந்தது மிகப் பெரிய அலை. அவர் ஜெயித்தார், அதன்பின் உலகமே மூன்று ஃபினுக்கு மாறியது. நான்கு ஃபின் வேகமானது, குழாய் மாதிரி சுருளும் அலையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் செங்குத்தில் இறங்கி அடிவாரத்தில் முழு பலத்தோடு திரும்பும்போது, நடு ஃபின் இருக்கிற போர்டு எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று காலுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த நம்பிக்கைக்காக நான் மூன்றுதான் போடுவேன். ஐந்து ஃபின் பெட்டி உள்ள போர்டு கிடைத்தால் இரண்டையும் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

எடை விஷயத்தில் பரவலாக நினைப்பதற்கு எதிராக நான் சொல்வேன். லேசான போர்டு வாங்காதீர்கள். உள்ளே ஈ.பி.எஸ். என்கிற தெர்மோகோல் நுரையும் மேலே எபாக்ஸியும் உள்ள போர்டுகள் லேசாகவும் மிதப்பாகவும் இருக்கும், சின்ன அலைக்கு அருமை. காற்று அடிக்கிற, மேற்பரப்பு சிலுசிலுக்கிற பெரிய அலையில் அவை குதித்துக்கொண்டே இருக்கும், கால் நிற்காது. பாலியூரித்தேன் நுரையும் பாலியஸ்டர் ரெசினும் உள்ள பழைய முறை போர்டு கொஞ்சம் கனமாக, அந்தச் சிலுசிலுப்பை வெட்டிக்கொண்டு இறங்கும். கண்ணாடி இழைத் துணியைச் சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று எடையில் சொல்வார்கள். வழக்கமான நான்கு அவுன்ஸ் துணிக்குப் பதிலாக அடியில் ஒரு ஆறு அவுன்ஸ் போடச் சொன்னால் எடையும் கூடும், நடுவில் முறியாமலும் இருக்கும்.

வேலூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. மே மாதம் இங்கே வெயில் 42 டிகிரியைத் தாண்டும். பூட்டி வைத்த காரில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி அறையில், சூடு அதற்கும் மேலே போகும். ஈ.பி.எஸ். நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து, மேலே ஒட்டியிருக்கும் கண்ணாடி இழையைக் கொப்புளம் மாதிரி தூக்கிவிடும். பாலியூரித்தேனுக்கு அந்த ஆபத்து குறைவு, ஆனால் அதையும் வெயிலில் விடக்கூடாது. என் போர்டு வீட்டில் தரைத்தளத்தில், கட்டிலுக்கு அடியில், பையில் கிடக்கிறது. திரும்பி வரும் வழியில் காஞ்சிபுரத்தில் சாப்பிட நிறுத்தினால், வண்டியை நிழல் பார்த்து விட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம்.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். என் எடை 58 கிலோ. வழக்கமாக ஓட்டுவது 5 அடி 8 அங்குல நீளம், 19¼ அகலம், 2⅜ தடிமன், 27 லிட்டரை ஒட்டிய போர்டு. பெரிய நாளுக்கு வைத்திருப்பது 6 அடி 2 அங்குலம், 18¾ அகலம், அதே 2⅜ தடிமன், சுமார் 28 லிட்டர், ரவுண்ட் பின். லிட்டர் ஏறக்குறைய மாறவில்லை பாருங்கள். அகலத்திலிருந்து எடுத்து நீளத்தில் போட்டிருக்கிறது. அதே மிதப்பு, வேறு இடத்தில். நெஞ்சுக்குக் கீழே நுரை இருப்பதால் பேடிலுக்குத் தைரியம் கிடைக்கிறது, டெயிலில் இல்லாததால் பிடிப்பு கிடைக்கிறது.

தம்பி, இதை உன் எடைக்கு அப்படியே பெருக்கிவிடாதே. நீ எண்பது கிலோ, இதுவரை ஓட்டியது எட்டு அடி மெத்தை போர்டு. அதிலிருந்து ஆறு அடிக்குக் குதித்தால் தலையளவு அலையில் அவதிப்படுவாய். 6 அடி 10 அங்குலம், 20½ அகலம், 2¾ தடிமன், 40 லிட்டர் அளவில் பார். வளைவு மெதுவாக ஏறுகிறதா என்று அளந்து வாங்கு. இது உனக்கு நெஞ்சளவு அலையிலும் ஓடும், தலைக்கு மேல் வருகிற நாளிலும் ஓடும். இன்னும் தேறிய பிறகு குட்டையான ஒன்று வாங்கினால் இதுவே உனக்கு ஸ்டெப்-அப் ஆகிவிடும். சின்னக் காருக்குள் நுழையாது, கூரை மேல் கட்ட வேண்டும். மூக்கைப் பின்பக்கம் பார்த்து வைத்துக் கட்டு, நெடுஞ்சாலைக் காற்றில் முன்பக்கம் தூக்காது.

புதிதாகச் செய்யச் சொல்ல நேரமும் பணமும் பிடிக்கும், அதனால் நீ பழைய போர்டுதான் பார்ப்பாய் என்று நினைக்கிறேன். அதில் தப்பில்லை, பார்க்க வேண்டியதைப் பார்த்தால் போதும். நிறம் மஞ்சளாகியிருந்தால் கவலைப்படாதே, அது வெயில் செய்தது. கவலைப்பட வேண்டியது குறுக்கு மடிப்பு. போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மூக்குக்கும் நடுவுக்கும் இடையில் மேலும் கீழும் பார். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மயிரிழை போன்ற கோடு ஓடினால், அது ஏற்கெனவே பாதி மடிந்த போர்டு. மேலே ரெசின் பூசி மறைத்திருந்தாலும் விடு. பெரிய அலையில் அந்த இடத்தில்தான் முறியும், முறிகிற நேரத்தில் நீ கரையிலிருந்து வெகுதூரத்தில் இருப்பாய். அடுத்து, நிற்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார், உள்ளே மெத்தென்று போனால் இழை நுரையை விட்டுப் பிரிந்துவிட்டது. ஃபின் பெட்டிகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா பார். டெயில் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுமரக்கோட்டின் வழியே மூக்கைப் பார், முறுக்கு இருந்தால் அப்போது தெரியும். கடைசியாகக் கையில் தூக்கிப் பார். அளவுக்குப் பொருந்தாத கனம் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

லீஷை, அதாவது போர்டைக் காலோடு கட்டுகிற கயிற்றை, மட்டும் பழையதாக வாங்காதே. போர்டின் நீளத்துக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ நீளம் இருக்க வேண்டும், உன் போர்டுக்கு ஏழு அடி. சின்ன அலைக்கு விற்கிற மெல்லிய போட்டி லீஷ் வேண்டாம், ஏழு மில்லிமீட்டர் தடிமன் உள்ளதைக் கேள். கணுக்காலில் சுற்றுகிற வெல்க்ரோவில் மணல் ஏறினால் பிடி தளரும், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவு. போர்டோடு கட்டுகிற சின்னக் கயிறு ரெயிலைத் தாண்டி வெளியே தொங்கக் கூடாது, நீளமாக இருந்தால் லீஷ் இழுபடும்போது அது ரெயிலை அறுத்துவிடும். வாங்குவதற்கு முன் அளவுகளை எழுதி எனக்குக் காட்டு. ஞாயிற்றுக்கிழமை அலுமினியச் சட்டத்தை நானே கொண்டுவருகிறேன்.